குதிரைக்காரன்

டெட்ராய்ட்,
12.4.1992

அன்பு நண்பன் சீனிக்கு,

உன் டைப்ரைட்டர்கள் எல்லாம் சௌக்கியமா? உன்னை விசாரிக்காமல் அவற்றை விசாரிக்கிறேன் என்று கோபிக்காதே. கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி என்ன பயன் என்று கேட்கத்தான் இந்தச் சுற்றுவழி.

மெட்ராஸ் வரும் நண்பர் ஒருவர் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் அங்கிருந்து உனக்குப் பார்சல் போடுவார். உள்ளே ஒரு ஆங்கிலப் புத்தகமும், பல முகம் கொண்ட தாயக்காய்களும் இருக்கும். இங்கே என்னோடு தங்கியிருப்பவர்கள் ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவன் கதைக்காரன், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். முகத்தில் அரிதாரம் எல்லாம் வேண்டாம், வாய் இருந்தால் போதும். "முன்னால் ஒரு ஆறு ஓடுகிறது" என்பான் கதைக்காரன். என்ன செய்யப்போகிறாய் என்பதை உன் வேடமாகவே நின்று நீ சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைக் காய் சொல்லும். ஜெயித்தவன் தோற்றவன் என்று யாரும் கிடையாது.

இதை உனக்காக அனுப்பவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்காக அனுப்புகிறேன். மில் ஸ்ட்ரைக்கின்போது அண்ணன் வைகுண்டராஜ் உள்ளே வேலைக்குப் போனதும், பிறகு அவனைச் சூப்பர்வைசர் ஆக்கியதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து தெருவில் ஒருவரும் அவனோடு பேசுவதில்லையாம். அவனும் பேச்சை விட்டுவிட்டான் என்று அம்மா யாரையோ கொண்டு எனக்கு எழுதியிருக்கிறாள். இரண்டு வருஷமாக எனக்கு அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் மில்லுக்குப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன், சீனி. இங்கே வந்த புதிதில் எனக்கும் பேச நாதியில்லை. இந்த மேஜைதான் எனக்கு நாலு மனிதர்களைத் தந்தது. அவனுக்கும் நாலு பேர் வேண்டும்.

ஆள் சேர்ப்பதுதான் இதில் பாதி வேலை. அடுத்தவனைப் பேச விடாதவன் ஆகாது. தோற்றால் முகம் சுளிப்பவன் ஆகாது. சண்டைப் பிரியனையும் பேச்சுப் பிரியனையும் ஒரே மேஜையில் போட்டால் இருவரும் கொட்டாவி விடுவார்கள். பார்த்துச் சேர்.

என்றும் உன்,
ரத்தினம்


ராஜபாளையம்,
31.5.1992

பிரியமுள்ள ரத்தினத்துக்கு,

டைப்ரைட்டர்கள் சுகம். ஒன்றுக்கு மட்டும் ரிப்பன் சுற்றாமல் மக்கர். பெட்டி வந்து சேர்ந்தது. போஸ்ட்மேன் அதைக் குலுக்கிப் பார்த்து, "என்ன சார், புளியங்கொட்டையா?" என்றார்.

ஆள் பார்த்த கதையைக் கேள். பெண் பார்த்தால்கூட இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. முதலில் வந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. நான் ஒன்று சொன்னால், "இது புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அடுத்தவர் போலீஸ்கார இருளப்பசாமி. நல்ல மனுஷன்தான், ஆனால் தொழில் புத்தி போகவில்லை. கதையில் ஒரு சத்திரம் வந்தது. சத்திரக்காரனிடம் வழி கேட்கச் சொன்னால், "நேத்து ராத்திரி எங்கலே இருந்த?" என்று விசாரணை தொடங்கி, கடைசியில் அவனை லாக்கப்பில் போட்டுவிட்டார். கதை சத்திரத்தைத் தாண்டவேயில்லை.

தேறியவர்கள் இருவர். ஒருவர் தங்கபாய் டீச்சர், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே டீச்சர்தான். வேடம் என்ன வேண்டும் என்றதும், "திருடி" என்றார்கள். முப்பது வருஷம் ஒழுக்கத்தைப் போதித்து அலுத்துவிட்டதாம். இன்னொருவன் மம்சாபுரத்துப் பால்பாண்டி. பேச ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்கும். உன் அண்ணன் மில்தான், அவருக்குக் கீழே நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்க்கிறான். ஒரே மில், ஒரே ஷிப்டு, பேச்சுத் துணைக்கும் ஆயிற்று என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி முதலில் மசியவில்லை. "தம்பி அனுப்புன பெட்டி, நீங்க வந்துதான் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

அன்புடன்,
சீனிச்சாமி


ராஜபாளையம்,
28.6.1992

பிரியமுள்ள ரத்தினத்துக்கு,

உனக்கு உடனே எழுத வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

புத்தகத்தில் சொன்னபடி வேடத்தின் பலத்தைக் காய் உருட்டித்தான் முடிவு செய்தோம். பால்பாண்டிக்கு எல்லாம் உச்சத்தில் விழுந்தது, அவன் தளபதி. அண்ணாச்சிக்கு எல்லாம் அடிமட்டம், அவர் தளபதியின் குதிரைக்காரன். மறுபடி உருட்டலாமா என்று பால்பாண்டி என் முகத்தைப் பார்த்தான். விழுந்தது விழுந்ததுதான் என்றேன். புத்தகத்தில் இருக்கும் பனிமலைக் கோட்டையைத் தூக்கி நம் செண்பகத்தோப்பு மலையில் வைத்துவிட்டேன். பனி என்றால் தங்கபாய் டீச்சருக்குக் கற்பனையிலேயே ஜலதோஷம் பிடிக்கிறது.

முதல் இரண்டு ஞாயிறு உப்புச்சப்பில்லாமல் போயிற்று. தளபதி தன் குதிரைக்காரனிடம், "அண்ணாச்சி, சிரமம் பாக்காம அந்தக் குதிரையச் செத்த நேரம் புடிக்கீங்களா?" என்று கெஞ்சுகிறான். உலகத்தில் எந்தத் தளபதி இப்படிப் பேசுவான்? டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் எரிச்சல். உன் புத்தகத்தில் பூதத்தைக் கொல்ல வழி இருக்கிறது, சூப்பர்வைசரை எப்படி ஏவுவது என்று ஒரு வரி கிடையாது.

இன்று கோட்டை வாசலுக்கு வந்தார்கள். பின்னால் எதிரிகள் துரத்தி வருகிறார்கள். குதிரைக்காரன்தான் கதவைத் திறக்க வேண்டும். பால்பாண்டி வழக்கம்போல "அண்ணாச்சி" என்று ஆரம்பித்தான். நான் மேஜையைத் தட்டி, "நீ தளபதியா, தபால்காரனா? தளபதி மாதிரிப் பேசுலே" என்றேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஏலே, கதவத் தொறலே!" என்று கத்திவிட்டான்.

பால்பாண்டிக்கு முகம் வேர்த்துவிட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, "தொறக்கேன் ஐயா, தொறக்கேன். குதிர மெரளுது, கொஞ்சம் பொறுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! பஸ் ஏற்றிவிடப் போனபோது, "அடுத்த வாரம் குதிரைகளுக்குப் பேரு வைக்கணும் சீனி" என்றார்.

அன்புடன்,
சீனிச்சாமி


டெட்ராய்ட்,
18.7.1992

என் அருமைச் சீனி,

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. முழுதாக இரண்டு பக்கம். மில்லைப் பற்றி ஒரு சொல் இல்லை, எல்லாம் குதிரைகள்தான். எது கொள்ளு தின்னாது, எது ஆற்றைக் கண்டால் மிரளும் என்று எழுதியிருக்கிறான். ஒரு குதிரைக்கு ரத்தினம் என்று பெயராம். சாப்பாட்டில் மட்டும் அது கெட்டி என்று ஒரு குத்தல் வேறு. அதை வாசித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன், போதுமா?

உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. பால்பாண்டிக்கு என் நன்றியைச் சொல். டீச்சருக்கு நமஸ்காரம். என்ன ஆனாலும் இந்த மேஜையைக் கலைத்துவிடாதே.

உன்,
ரத்தினம்


ராஜபாளையம்,
23.8.1992

அன்புள்ள ரத்தினத்துக்கு,

நல்ல சேதி எழுதத்தான் ஆசை. இந்த முறை அது வாய்க்கவில்லை.

பால்பாண்டி மில் கேண்டீனில் ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறான். கேலியாக இல்லை. "நம்ம சூப்பரவைசர் எப்பிடி நடிக்காருன்னு வந்து பாருங்கடே, குதிரைக்காரனாவே மாறிருதாரு" என்று பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறான். அவர் அப்படி என்ன செய்தார் என்று யாரோ தோண்ட, இவன் கோட்டை வாசலில் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டிவிட்டான். மறுநாள் அண்ணாச்சி ரவுண்டு வரும்போது மெஷின்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, கதவத் தொறலே!" அடுத்த வரிசையில் இன்னொரு குரல். யார் என்று தெரியவில்லை. அன்றைக்கெல்லாம் அதே பாட்டு.

அந்த வாரமே அண்ணாச்சி பால்பாண்டியை ரிங் பிரேமிலிருந்து எடுத்து, பஞ்சு பிரிக்கும் புளோ ரூமுக்கு மாற்றிவிட்டார். அங்கே பறக்கும் தூசி உனக்குத் தெரியும். பால்பாண்டிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. போன ஞாயிறு வந்து உட்கார்ந்தான், பாதிப் பேச்சில் மூச்சு நின்று நின்று வருகிறது. டீச்சர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். உன் அண்ணனும் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோலக் காயை உருட்டினார். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவேயில்லை.

ஆள் சேர்த்தது நான்தான். யார் யாரோடு சிரிப்பார்கள் என்று பார்த்தேனே தவிர, மறுநாள் காலையில் யார் யாருக்குக் கீழே நிற்க வேண்டும் என்று பார்க்காமல் விட்டேன். என்ன செய்யலாம், சொல்.

சீனிச்சாமி


டெட்ராய்ட்,
12.9.1992

அன்புள்ள சீனிக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ ஒன்றை மறந்துவிட்டாய். ஸ்ட்ரைக்கின்போது மில் கேட்டுக்கு வெளியே அத்தனை பேரும் நிற்க, வாட்ச்மேன் கதவைத் திறக்க, அண்ணன் உள்ளே போனான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். வெளியே நின்றவர்களில் பால்பாண்டியும் ஒருவன்தானே? அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஜனங்கள் கையால் வாங்கவில்லை. அண்ணனைப் பார்த்துக் கதவைத் திற என்று கத்தினால் அது யாருக்கு விளையாட்டு? உலகத்தில் ஆறு, காடு, குகை எதுவும் கிடைக்காமல் உனக்கு ஒரு வாசல்தான் கிடைத்ததா?

அண்ணன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பால்பாண்டிக்கு மம்சாபுரம் முழுக்க ஆள் இருக்கிறது. என் அண்ணனுக்கு இருப்பது உன் மேஜை ஒன்றுதான். இருவரில் ஒருவர் என்றால், யார் இருக்க வேண்டும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? பால்பாண்டியைப் பக்குவமாக நிறுத்திவிடு. வேறு தளபதி பார்த்துக்கொள்ளலாம். நண்பனாகக் கேட்கிறேன்.

ரத்தினம்


ராஜபாளையம்,
11.10.1992

அன்புள்ள ரத்தினத்துக்கு,

நேற்று புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு அண்ணாச்சி வருவார் என்று தெரிந்து நானும் போனேன். சாமி கும்பிட்டு இறங்கும்போது படியில் பிடித்தேன். எங்களைத் தாண்டிக் கூட்டம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. நடந்த பேச்சை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

"பால்பாண்டியப் பழைய எடத்துக்கு மாத்திருங்க அண்ணாச்சி" என்றேன்.

"மேசையில அவன் என்னைய ஏலேன்னான். நான் சிரிச்சேம்லா? அது அந்த நாலு செவுத்துக்குள்ள. அத எதுக்குக் கேண்டீன்ல கொண்டு வச்சான்?"

"பெருமையாத்தான சொல்லிருக்கான்."

"எப்பிடிச் சொன்னா என்ன? அம்புட்டு பேரும் சிரிச்சாங்க சீனி. ஒவ்வொரு மெசினாத் தாண்டி நடக்கணும், நான் தலையக் குனிஞ்சிக்கிட்டே நடந்தேன். அன்னைக்குக் கேட்டுக்குள்ள போனப்பயும் இப்பிடித்தான் நடந்தேன்."

அந்த வாசலை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாசல்ல ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் தொறந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று கேட்டேன்.

"நான் வாரேன். அவனும் வரட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. மேசையில அவன் தளபதி, நான் குதிரைக்காரன். மில்லுல நான் சூப்பரவைசரு. அது வேற, இது வேற."

"வாரம் பூரா அவன் மூச்சப் புடுங்கிட்டு, ஞாயித்துக்கெழம வந்து அவனுக்குக் குதிரை புடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன், ரத்தினம். கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அவன் பழைய எடத்துக்கு வார வரைக்கும் நீங்க மேசைக்கு வராதீங்க அண்ணாச்சி" என்றும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த துளசியில் பாதியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நீ கேட்டதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறேன். ஒருவன் மூச்சுத் திணறிக்கொண்டு எதிரே இருக்கும்போது எனக்குக் கதை சொல்ல வரவில்லை. திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சீனிச்சாமி


டெட்ராய்ட்,
1.11.1992

திரு. சீனிச்சாமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் பெட்டி என் அண்ணனுக்காக அனுப்பப்பட்டது. அவன் இல்லாத மேஜையில் அதற்கு வேலை இல்லை. வந்து வாங்கிக்கொள்ளும்படி அவனுக்கு எழுதியிருக்கிறேன். ஒப்படைத்துவிடவும்.

டீச்சருக்கு என் வணக்கம்.

ராஜரத்தினம்


ராஜபாளையம்,
20.12.1992

ரத்தினத்துக்கு,

உன் ‘அவர்களுக்கு’ வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைத் தின்று தீர்த்தவன் எழுதிய மரியாதை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெட்டியை ஒப்படைத்துவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிறு, நாங்கள் மூவரும் இருக்கும்போது அண்ணாச்சி வந்தார். பால்பாண்டி பதறி எழுந்து, "வாங்க அண்ணாச்சி" என்றான். "இருக்கட்டும், உக்காரு" என்றார். அவர் உட்காரவில்லை. டீச்சர் பெட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்து, "தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார்கள். குடித்தார். மேஜையில் விரித்திருந்த கோட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

இந்த மாதம் பால்பாண்டி மில்லை விட்டுவிட்டான். மார்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறான். சம்பளம் குறைவு, பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். உன் அண்ணனையும் திட்டினாள், என்னையும் திட்டினாள். இரண்டும் நியாயம்தான்.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். பால்பாண்டியும் டீச்சரும் விடவில்லை. ஊர்க் கிளப்பில் தம்போலா ஆட்டத்துக்கான பழைய எண் வில்லைகள் கிடந்தன. காய்களுக்குப் பதிலாக ஒன்றிலிருந்து இருபது வரை எடுத்து டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். இருளப்பசாமி காலி நாற்காலிக்கு அடிபோடுகிறார். குதிரைக்காரன் ஓடிப்போனான் என்று சொல்லி அவன் கதையை முடித்துவிட்டு, இருளப்பசாமியைச் சேர்க்கலாம் என்றேன். பால்பாண்டி சம்மதிக்கவில்லை.

"அவர எங்கயும் அனுப்பாதீங்க சார். நாமதான கோட்டைக்குள்ள வந்துட்டோம்? அவரு வாசலுக்கு வெளிய குதிரையளப் புடிச்சிக்கிட்டு நிக்காருன்னு இருக்கட்டும். பொறவு நாம வெளிய வரும்போது குதிரை வேணும்லா?" என்றான்.

இப்போது அவனுக்கு அவர் சூப்பர்வைசர் இல்லை. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனாலும் அவன் சொன்னது இதுதான். ஆகவே குதிரைக்காரன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். நாற்காலியும் அப்படியே கிடக்கிறது.

அன்று படியில் சொன்னது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். சரியென்று நினைத்தும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உன் கடிதம் இல்லாதது இன்னொரு பக்கம்.

சீனி


டெட்ராய்ட்,
21.2.1993

சீனி,

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் மேல் எனக்கிருக்கும் வருத்தம் இன்னும் தீரவில்லை. அண்ணன் மேலும் தீரவில்லை. பால்பாண்டி மில்லை விட்ட சேதி என்னைத் தூங்க விடவில்லை. மேஜையிலிருந்து அவனை நிறுத்து என்று எழுதியவன் நான்தானே.

உன் கடைசிக் கடிதத்தில் பால்பாண்டி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன். அம்மாவும் தனியாக ஒரு கடிதம் எழுதுவித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் சாப்பாட்டுத் தட்டில் அந்தக் காய்களைப் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறானாம், யாரிடமும் பேசுவதில்லையாம்.

நேற்று அவன் பதில் வந்தது. உடம்பு எப்படி, குளிர் எப்படி என்று நாலு வரி. பால்பாண்டியைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பான் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே மூலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

"இத்தனை நாளா வாசல்ல நிக்கிற குதிரைகளுக்கு யாராவது தண்ணி காட்டினாங்களா, சீனிகிட்டக் கேட்டு எழுது."

உனக்கும் அவனுக்கும் நடுவில் அரை மணி நேர பஸ்தான் இருக்கிறது. அந்தக் கேள்வி கடல் தாண்டி வந்து என் மேஜையில் கிடக்கிறது. நான் என்ன பதில் எழுத? கதைக்காரன் நீ.

எனக்குப் பதில் போட வேண்டாம். முடிந்தால் பால்பாண்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு.

ரத்தினம்